வகுப்பறைக் கைக்கருவி கொவிட்டோடு வந்ததல்ல

ஒருவர், “கைக்கருவி வைத்துப் பாடம் படிப்பதே 2020 கொவிட்டில்தான் வந்தது, அதற்கு முன் எந்தத் தொழில்முனைவரும் இதைத் தொட்டதில்லை” என்று எழுதியிருக்கிறார். பாதி சரி. நம் சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர் அனைவருக்கும் தனிப்பட்ட கற்றல் சாதனம் தரும் திட்டம் 2028க்குள் முடிவதாக இருந்தது. கொவிட் வந்ததும் 2021க்கு முன்னுக்கு இழுத்தார்கள்.

மற்ற பாதி தவறு. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் எலியட் சோலோவேயும் வட டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் கேத்தி நோரிஸும் பாம் என்ற கையடக்கக் கணினியின் காலத்திலேயே இதைப் பிடித்துக்கொண்டவர்கள். (பாம் ஞாபகம் இருக்கிறதா? திரையைத் தொடும் குச்சி தொலைந்தால் கதை முடிந்தது.) பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி வேண்டும் என்று பேசிப் பேசியே கோநோ என்ற கல்வி மென்பொருள் நிறுவனத்தையும் சேர்ந்து தொடங்கினார்கள்.

அப்புறம், அந்த மென்பொருள் நம் ஊருக்கும் வந்தது. 2009வாக்கில் நன் சியாவ் தொடக்கப்பள்ளியில், தேசியக் கல்விக் கழக ஆய்வாளர்களோடு, தொடக்கநிலை மூன்று மாணவர்கள் கைப்பேசியில் அறிவியல் படித்தார்கள். அந்த மென்பொருளின் பிகோமேப் என்ற செயலியில் கருத்து வரைபடம், ஸ்கெட்சி என்ற செயலியில் அசையும் படம். இன்னொன்றில் மூன்று கட்டங்கள்: எனக்குத் தெரிந்தது, தெரிந்துகொள்ள விரும்புவது, பாடம் முடிந்தபின் கற்றுக்கொண்டது. பிள்ளையே தட்டி நிரப்ப வேண்டும். கருவியைவிட இந்த மூன்றாவது கட்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்போது ஐபேட் கடைக்கே வரவில்லை.