பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கும் சட்டம் உண்டு

ஒருவர் மேல் மோதிய காரில் வந்தவர்கள், இறங்கிப் பார்த்துவிட்டு அவரை அப்படியே விட்டுப் போகிற வீடியோ. மூன்று நாளாக எல்லாரும் பகிர்ந்துகொண்டிருக்கிற அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று இரவு அந்தக் காரின் உரிமையாளர் கொடுத்த பேட்டியும் அதற்குக் கீழே குவிந்த கமெண்டுகளும் எழுத வைத்துவிட்டன. "வண்டி என்னுதுதான், ஆனா நான் ஓட்டலை, பின்சீட்ல உக்காந்திருந்தேன். நின்னிருந்தா எங்களை அடிச்சே கொன்னிருப்பாங்க" என்கிறார். கீழே வரிசையாக ஆதரவு. "கரெக்ட் ப்ரோ, நானா இருந்தாலும் போயிருப்பேன்." "ஓட்டாதவன் எதுக்கு நிக்கணும்?"

ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். முதலில் அதை நினைவில் வையுங்கள்.

வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். நான்கு பேர் இறங்குகிறார்கள். ஒருவர் குனிந்து அடிபட்டவரைப் பார்க்கிறார். இன்னொருவர் காரின் முன்பக்க பம்பரைத் தடவிப் பார்க்கிறார். பிறகு நால்வரும் ஏறிப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் இருந்தது ஷட்டரைப் பாதி இறக்கிய டீக்கடையும் அதன் வாசலில் இரண்டு பேரும். கூட்டம் எங்கே? அடிக்க வந்தவர் யார்?

சரி, கூட்டம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134. விபத்தில் யாருக்காவது காயம் பட்டால் ஓட்டுநர் அவரைப் பக்கத்து மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ கொண்டுபோகத் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும். கூட்டத்தின் ஆத்திரமோ தன் கையை மீறிய வேறு காரணமோ இருந்தால் மட்டும் அதிலிருந்து விலக்கு. அந்த விலக்கு சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. உயிருக்குப் பயந்து இடத்தைவிட்டு விலகியவரை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் அதே பிரிவின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இடத்தில் போலீஸ் இல்லையென்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்ல வேண்டும். அடிபட்டவரை ஏன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை என்ற காரணத்தையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

ஆக, கூட்டத்துக்குப் பயந்து போனவர் நேராகப் போக வேண்டிய இடம் காவல் நிலையம். வீடு இல்லை. மெக்கானிக் ஷெட் இல்லை. உங்களை அடிக்க வருகிற கூட்டத்திடமிருந்து காப்பாற்றுகிற இடமும் அந்தக் காவல் நிலையம்தான். இவர்கள் போனார்களா? மூன்றாம் நாள் சுங்கச்சாவடி கேமராவை வைத்துப் போலீஸ் இவர்களைத் தேடிப் போயிருக்கிறது. 24 மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது.

"அவர் ஓட்டவில்லையே?" இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இதே 134ஆம் பிரிவின் கடைசியில் ஒரு விளக்கம் இருக்கிறது: இந்தப் பிரிவில் ஓட்டுநர் என்றால் வண்டியின் உரிமையாளரும் சேர்த்தி. பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சரி, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, விஷயம் தெரிந்த நிமிடத்திலிருந்து உரிமையாளருக்கும் அதே கடமைதான். அதோடு பிரிவு 133. யார் ஓட்டியது, முகவரி என்ன, லைசென்ஸ் என்ன என்று போலீஸ் கேட்டால் உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டும். 133ஐயோ 134ஐயோ மீறினால் பிரிவு 187இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன் இது 3 மாதமும் 500 ரூபாயுமாக இருந்தது. இப்போதும் குறைவுதான் என்பது என் கருத்து.

மற்ற பயணிகள்? நேர்மையாகச் சொல்கிறேன், வண்டியில் சும்மா உட்கார்ந்திருந்த பயணி நிற்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் தனியாக எழுதவில்லை. அதனால் பயணிக்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. விசாரணை அதிகாரி சாட்சியாகக் கூப்பிட்டால் போக வேண்டும். பெண்கள், 60 வயதைக் கடந்தவர்கள், 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் அவர்கள் இருக்கிற இடத்துக்குத்தான் போலீஸ் வர வேண்டும். ஓட்டியது வேறு ஆள் என்று மாற்றிச் சொன்னாலோ, உடைந்த கண்ணாடியையும் டேஷ்கேம் கார்டையும் ஒளிக்க உதவினாலோ, சாட்சியாக இருந்தவர் குற்றவாளி ஆகிவிடுவார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 238 அதற்குத்தான். 2024 மே மாதம் புனே கல்யாணி நகரில் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்த வழக்கு உங்களுக்குத் தெரியும். ஓட்டிய சிறுவனுக்குப் பதிலாக டிரைவரைப் பழி ஏற்கச் சொன்னது, ரத்த மாதிரியை மாற்றியது என்று அது எங்கெங்கோ போய் எத்தனை பேரை உள்ளே தள்ளியது என்று பார்த்தோமே. எல்லாம் அன்றிரவு எடுத்த முடிவுகளின் பலன்.

ஒரு பயணி என்னென்ன செய்திருக்கலாம் தெரியுமா? ஹசார்டு விளக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்து, பின்னால் வருகிற வண்டிகளைக் கையைக் காட்டி நிறுத்தியிருக்கலாம். 108ஐக் கூப்பிட்டிருக்கலாம், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாமல், தலையைத் தூக்கித் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருக்கலாம். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்த ஒரு அசைப்பே ஆளை முடக்கிவிடும். ரத்தம் பீறிடுகிற இடத்தில் ஒரு துண்டை வைத்து அழுத்திப் பிடித்திருக்கலாம். வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ, டயர் தேய்ந்த தடம், பக்கத்துக் கிலோமீட்டர் கல், இவ்வளவு போதும், பிற்பாடு விபத்து நடந்த இடத்தின் வரைபடத்தை (ரஃப் ஸ்கெட்ச்) போடுகிற போலீஸ்காரருக்கு. அதில் ஒன்றைக்கூட அந்த நால்வரில் ஒருவரும் செய்யவில்லை.

"108க்குக் கூப்பிட்டா நம்மளையே மாட்டிவிடுவாங்க" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, உதவுகிற பொதுமக்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சிலேயே உறுதிசெய்துவிட்டது. 2019இல் அது 134ஏ என்று சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பேரைச் சொல்லு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. காசைப் பற்றியும் அந்த இடத்தில் யோசிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனைக்கும் கடமை இருக்கிறது: போலீஸ் வரட்டும், பேப்பர் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பார்க்க வேண்டும் என்று அதே 134 சொல்கிறது.

அடுத்த பயம், "நின்னா ஜெயில்." மரணம் விளைவித்த அலட்சியம், பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1), 5 வருடம் வரை தண்டனை, ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஸ்டேஷன் பெயில் என்று எல்லா லாரி டிரைவருக்கும் தெரியும். போலீஸிடம் சொல்லாமல் தப்பி ஓடினால் 10 வருடம் என்கிற 106(2)ஐ எதிர்த்து 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் போராடினார்கள். அந்த ஜூலையில் புதுச் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். டிரைவர்களின் பயம் நியாயமானது, அதை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். ராத்திரி ஒத்தையாக வண்டி ஓட்டுகிறவரை ஊரே கூடி அடிப்பது நடக்கிறது. அப்படி அடிக்கிறவர்கள் மேலும் வழக்குப் போட வேண்டும். ஆனால் ஏசி காரில் நான்கு பேராக வந்து, இறங்கிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்த டிரைவர்களின் பயத்தைக் கடன் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று நாள் கழித்துப் பிடிபட்டால் ஒரு லாபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. மூன்றாம் நாள் எடுத்த ரத்தத்தில் என்ன இருக்கும்? இவர்கள் குடித்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. குடித்திருந்தார்களா இல்லையா என்று இனி யாருக்கும் தெரியாது. 24 மணி நேரக் கெடு எதற்காக என்று புரிகிறதா?

"விடுங்க சார், இன்சூரன்ஸ் குடுத்துடுவான்" என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. மாதம் 15,000 சம்பாதிக்கிற 30 வயதுக்காரர் இறந்தார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா. விபத்து நஷ்டஈட்டை முடிவுசெய்கிற தீர்ப்பாயத்தில் எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் சேர்ப்பார்கள், 21,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழிப்பார்கள், 15,750. வருடத்துக்கு 1,89,000. இதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், அந்த வயதுக்கு அது 17. மொத்தம் 32,13,000 ரூபாய். ஈமச்சடங்குச் செலவு, துணையை இழந்ததற்கான தொகையெல்லாம் தனி. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்து, ஓட்டியவருக்குச் சரியான லைசென்ஸும் இருந்தால் இதைக் கட்டுவது இன்சூரன்ஸ் கம்பெனி. ஓட்டியவர் பையிலிருந்து ஒரு ரூபாய் போகாது.

அந்த வண்டி எது என்றே தெரியாமல் போனால்? மோதிவிட்டு ஓடிய வழக்கு என்று முடித்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 161இன்படி குடும்பத்துக்குக் கிடைப்பது 2 லட்சம். பலத்த காயத்தோடு பிழைத்தால் 50,000. ஓடுகிறவன் அந்த வீட்டிலிருந்து 30 லட்சத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறான்.

பிடிபட்டுவிட்டார்களே, பிறகென்ன என்கிறீர்களா? எஃப்ஐஆரில் முதலில் "அடையாளம் தெரியாத வாகனம்" என்று எழுதியிருக்கும். வண்டி நம்பர் பிற்பாடுதான் வரும். அதை வைத்துத்தான் தீர்ப்பாயத்தில் நடக்கிற நஷ்டஈட்டு வழக்கில் (எம்சிஓபி) இன்சூரன்ஸ் வக்கீல் ஆரம்பிப்பார். சாட்சிக் கூண்டில் நிற்கிற மனைவியிடம் கேட்பார்: "நீங்க விபத்தைப் பார்த்தீங்களா? வண்டி நம்பர் உங்களுக்கு யார் சொன்னது? நஷ்டஈட்டுக்காக இந்த வண்டியைப் பிற்பாடு சேர்த்துட்டீங்கன்னு சொல்றேன்." அந்தம்மா பதில் சொல்லத் தெரியாமல் நீதிபதியைப் பார்ப்பார். தாமதம் ஒன்றையே காரணம் காட்டித் தள்ளுபடி செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதை நிரூபித்து முடிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அன்றைக்கு ஓட்டியவர் ஸ்டேஷனில் போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துமூலம் தெரிவிப்பதும் அதே 134இன் கடமைதான்: பாலிசி எண், அது எந்தத் தேதி வரை, விபத்து நடந்த நாள், நேரம், இடம், காயம்பட்டவர் விவரம், ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் விவரம். அரைப் பக்கக் கடிதம்.

சின்ன விபத்து என்றால் பேசி முடித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வண்டியில் கீறல் மட்டும் என்றால் முடித்துக்கொள்ளுங்கள். ஆள் கீழே விழுந்திருந்தால் 500 ரூபாயைக் கையில் திணிக்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து, டீ குடித்து, இரவில் வாந்தியெடுத்து மயங்குவது உண்டு. அப்போது மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலும் (ஏஆர் காப்பி) இருக்காது, ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கான ரசீதும் (சிஎஸ்ஆர்) இருக்காது, வண்டி நம்பரும் இருக்காது.

அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் இதை மட்டும் சொல்லுங்கள். எஃப்ஐஆர், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை (எம்விஐ ரிப்போர்ட்), வாரிசுச் சான்றிதழ், சம்பளத்துக்கான ஏதாவது ஒரு தாள், எல்லாவற்றிலும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். விபத்து நடந்து 48 மணி நேரத்தில் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அனுப்பியிருக்க வேண்டும், விரிவான அறிக்கை 90 நாளில். போயிருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். நஷ்டஈட்டு மனுவை அவர்கள் குடியிருக்கிற பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம். 2019 திருத்தம் 6 மாதக் கெடு வைத்திருக்கிறது, அதற்குள் போட்டுவிடச் சொல்லுங்கள். பிணவறை வாசலிலேயே புரோக்கர்கள் வந்திருப்பார்கள். பாதிப் பணம் எங்களுக்கு, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். வெத்துப் பேப்பரில் ஒரு கையெழுத்தும் போட வேண்டாம்.