அவன் அழுததை நான் பார்த்தேன்

ஏழு வருடங்களுக்கு முன்னால் என் நண்பன் ஒருவன் என் எதிரில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். மனைவியை அடித்திருந்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். "என்னமோ ஆயிடுச்சுடா, கை நீண்டுடுச்சு. இனிமே சத்தியமா நடக்காது" என்றான். அந்த அழுகை பொய் இல்லை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதை நம்பி நானே அவளிடம் போய்ப் பேசினேன். திரும்பிப் போனாள். ஐந்தே மாதத்தில் அவள் தாடை எலும்பு உடைந்தது.

மருத்துவமனையில் அவள் என்மேல் கோபப்படவில்லை. "அண்ணா, அவர் அழுததை நீங்க பார்த்தீங்க. அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்ததில்ல" என்றாள். அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். அடித்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு மேனேஜரிடமிருந்து போன் வந்திருக்கிறது. எடுத்து, "சொல்லுங்க சார்" என்று பணிவாக இரண்டு நிமிடம் பேசியிருக்கிறான். போனை வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறான்.

அந்த இரண்டு நிமிடம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. கோபத்தில் நிலை தவறியவனுக்கு அப்படிப் பேச வராது. யாரிடம் கை ஓங்கலாம், யாரிடம் கூடாது என்று அவனுக்கு அந்த நேரத்திலும் தெரிந்திருக்கிறது. அவள்மேல் தனக்கு அந்த உரிமை இருக்கிறது என்று நம்பியிருக்கிறான். கோபம் அந்த நம்பிக்கைக்கு ஒரு போர்வை, அவ்வளவுதான். குடியும் அப்படியே. குடி அடியை இன்னும் கொடூரமாக்கும், மறுக்கவில்லை. ஆனால் குடியை விட்ட பிறகும் மனைவியின் போனைச் சோதிப்பவர்கள், செலவுக்குக் கணக்குக் கேட்டு அழவைப்பவர்கள் எத்தனை பேர்.

அவனுடைய அப்பா அவன் அம்மாவை அடித்தவர். எனக்குத் தெரியும், சிறு வயதில் அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். அதனால் அவன்மேல் இரக்கம் உண்டு. ஆனால் அதே வீட்டில்தான் அவன் தம்பியும் வளர்ந்தான். அவன் யார்மேலும் கைவைத்ததில்லை.

அடிக்கிறவனை மிருகம் என்று சொல்லி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மிருகம் என்றால் மாற வழியில்லை, அவனுக்குப் பொறுப்பும் இல்லை. அடித்தது அவன் எடுத்த முடிவு என்றால், இனி அடிக்காமல் இருப்பதும் அவன் எடுக்கக்கூடிய முடிவுதான். அதோடு, இவளிடமிருந்து பிரிந்துவிட்டால் அவன் காணாமல் போய்விடுவதில்லை. இன்னொருத்தியிடம் போவான், அல்லது பிள்ளையைப் பார்க்கிறேன் என்று இவளிடமே வந்து நிற்பான். அவனை யாராவது மாற்றியே ஆகவேண்டும்.

இதை முதலில் உணர்ந்தவர்கள் அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் நடத்திய பெண்கள்தான். அமெரிக்காவின் பாஸ்டனில் அவர்கள் கேட்டுக்கொண்டதால் 1977-இல் ஆண்கள் சிலர் சேர்ந்து, அடிக்கும் ஆண்களை மாற்றுவதற்காக 'எமெர்ஜ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1981-இல் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் போலீஸ், நீதிமன்றம், புகலிடம், அடித்த ஆண்களுக்கான வகுப்பு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டினார்கள். அடிபட்ட பெண்களிடம் பேசி அவர்கள் வரைந்த 'அதிகாரம், கட்டுப்பாடு' சக்கரம் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. சக்கரத்தின் வெளி வளையத்தில்தான் அடி உதை. உள்ளே இருப்பதெல்லாம் மிரட்டல், பணத்தைப் பிடித்துவைத்தல், ஆட்களிடமிருந்து பிரித்தல், பிள்ளைகளைப் பகடையாக்குதல். கலிஃபோர்னியாவில் குடும்ப வன்முறைக்காகத் தண்டனை பெற்று நன்னடத்தைக் கண்காணிப்பில் இருப்பவர் குறைந்தது 52 வாரம், வாரம் 2 மணி நேரம் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது சட்டம்.

வகுப்பில் என்ன நடக்கிறது? பெரும்பாலும் வாக்கியத்தோடுதான் மல்லுக்கட்டு. நம் மொழியில் இது இன்னும் கஷ்டம் என்று தோன்றுகிறது. "அடி விழுந்துடுச்சு", "கை பட்டுடுச்சு", "சண்டை முத்திடுச்சு". ஒன்றிலாவது 'நான்' இருக்கிறதா பாருங்கள். அடித்தவனே இல்லாமல் அடி விழுகிறது. "நான் அடித்தேன்" என்ற இரண்டு சொல்லுக்கு வந்து சேரவே சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. சிலர் வருவதே இல்லை, பாதியில் நின்றுவிடுகிறார்கள். கற்றதையே ஆயுதமாக்குபவர்களும் உண்டு. கோபம் வந்தால் அந்த இடத்தைவிட்டு விலகு என்று சொல்லித் தந்தால், அவள் பேசத் தொடங்கும்போதெல்லாம் "எனக்கு டைம் அவுட்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

பலன் உண்டா என்றால், நேர்மையாகச் சொல்லவேண்டும். 2004-இல் 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பீட்டில், கைது, தண்டனைக்கு மேல் வகுப்பால் கிடைத்த கூடுதல் பலன் சிறியது என்றே வந்தது. இந்த மாதிரி வகுப்புகளைப் பற்றி பிரிட்டனில் 2015-இல் வெளிவந்த மிராபல் ஆய்வு வேறொரு கேள்வி கேட்டது. வெற்றி என்று எதைச் சொல்வீர்கள் என்று அடிபட்ட பெண்களிடமே விசாரித்தது. அடி நிற்பது மட்டும் போதாது, மூச்சுவிட இடம் வேண்டும், மரியாதையாகப் பேச வேண்டும், பிள்ளைகள் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். வகுப்புக்கு முன் 61 சதவீதம் பெண்கள் காயம்பட்டதாகச் சொன்ன இடத்தில், பிறகு 2 சதவீதம்தான். இறங்கியதற்கு வகுப்பு மட்டுமே காரணம் என்று அறுதியிட முடியாது. கட்டுப்படுத்தும் குணமோ அந்த அளவுக்கு இறங்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கையை அடக்குவதைவிட நினைப்பை விடுவது கடினம்.

அதனால்தான் சொல்கிறேன்: அவன் மாறினானா என்று அவனிடம் கேட்காதீர்கள், என்னைப் போன்ற நண்பர்களிடமும் கேட்காதீர்கள். நல்ல திட்டங்களில் அந்தப் பெண்ணோடு தனியாகத் தொடர்பில் இருக்க ஒருவர் இருப்பார். அவள் சொல்வதுதான் அளவுகோல். அவள் பேச விரும்பவில்லை என்றால் அதுவும் அவள் உரிமை. தயவுசெய்து இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்து கவுன்சலிங் செய்யாதீர்கள். அந்த அறையில் அவள் உண்மையைச் சொன்னால், வீட்டில் அதற்கான அடியை வாங்குவாள். பிரியும் நேரமும் பிரிந்த பிறகு வரும் மாதங்களும்தான் மிக ஆபத்தானவை. அன்று அவளைத் திருப்பி அனுப்பியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தெரியாததால் என் பங்கு குறைந்துவிடவில்லை.

ஆண்களும் வீட்டில் அடிபடுகிறார்கள், அவர்களை நம்பவும் வேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதுகிறேன்.

அவள் இப்போது தனியாக இருக்கிறாள். அவன் போன வருடத்திலிருந்து ஒரு வகுப்புக்குப் போகிறான். வாரா வாரம் முடிந்ததும் எனக்கு போன் செய்வான். போன மாதம், "நான் போறது அவளுக்குத் தெரியணும்ல, நீ சொல்லேன்" என்றான். மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் "சரி" என்று வைத்துவிட்டான். அடுத்த வாரமும் போயிருக்கிறான்.