தோற்ற நாளில் வீட்டில் என்ன பேசுகிறோம்?

டென்னிஸ் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன்; தொழில்முறை டென்னிஸ் வீரரின் மனவுறுதிக்குக் குடும்பமே அடித்தளம் என்று அதன் கட்டுரையாளர் எழுதியிருப்பதை ஏற்கிறேன். ஆனால் குடும்பத்தின் ஆதரவைப் பணம், பயணம் என்ற அளவிலேயே அவர் நிறுத்திக்கொண்டது எனக்குக் குறையாகப் படுகிறது. 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வென்ற ரோஜர் ஃபெடரர், தாம் வென்ற புள்ளிகள் 54 சதவீதம் மட்டுமே என்று 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் குறிப்பிட்டார். அப்படியானால், இழந்த புள்ளியை அடுத்த சர்வீஸுக்குள் மறக்கப் பழகுவதே இந்த ஆட்டத்தில் பாதி வேலை. அந்தப் பழக்கத்தைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற பெற்றோர்தான்.

புதுச்சேரியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் மகளைச் சென்னைப் போட்டிகளுக்கு அழைத்துச் செல்பவன் நான். ஒருமுறை முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும்போது, மரக்காணம் வரும்வரை அவள் செய்த டபுள் ஃபால்ட்டுகளை (இரண்டு சர்வீஸ் வாய்ப்புகளும் தவறிப் புள்ளியை இழப்பது) ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிக்கொண்டே வந்தேன். அவளோ ஜன்னல் பக்கம் திரும்பி, மட்டையின் கைப்பிடியில் சுற்றியிருந்த நாடாவைப் பிரிப்பதும் மறுபடி சுற்றுவதுமாக இருந்தாள். (நான் ஒரு பந்தைக்கூட அடித்தறியாதவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்திய டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தை டி.கே. ராமநாதனே பயிற்சியாளராக இருந்தார். மகன் 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும் வென்றார். ஆனால் அந்தத் தந்தை தாமே களத்தில் ஆடியவர். ஆட்டம் தெரியாத நான், இப்போதெல்லாம் திரும்பும் வழியில் என்ன சாப்பிடலாம் என்று மட்டுமே கேட்கிறேன். ஆட்டத்தைப் பற்றி அவளாகவே பேசத் தொடங்குவது பெரும்பாலும் மறுநாள் மாலையில்தான்.