கரண்ட் போனாலும் பாட வேண்டும்

இடம்: யாழ்ப்பாணம், குருநகர். ஒரு வீட்டு விறாந்தை. வெளியே ஒழுங்கையில் லாண்ட்மாஸ்டர் என்ற சின்ன உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டி ஒன்று நிற்கிறது. அதில் பாதி தூரம் வரை சவுக்குக் கொப்பும் பலூனும் கட்டியாகிவிட்டது. மீதிப் பாதி மரியதாஸின் கோபம் ஆறும் வரை காத்திருக்கிறது.

காலம்: மார்கழி 20, பின்னேரம்.

ஆட்கள்: மரியதாஸ், ஊர்க் கரோல் கோஷ்டியின் நிரந்தரத் தலைவர். (யாரும் தெரிவு செய்யவில்லை. யாரும் இறக்கவும் துணியவில்லை.) ஜெனி, அவருடைய தங்கை மகள். கீபோர்ட் வாசிப்பவள். கீபோர்ட் அவளுடையது என்பதால் அவளுக்கும் கொஞ்சம் அதிகாரம் உண்டு.

ஜெனி: மாமா, இந்தப் பட்டியலில் எட்டுப் பாட்டு இருக்கிறது. ஏழு பாட்டு நீங்கள் பிறப்பதற்கு முதலே வந்தவை.

மரியதாஸ்: எட்டாவதைப் பார். இளம் ஆட்களுக்காகத்தான் அதைச் சேர்த்தேன்.

ஜெனி: எட்டாவது போனி எம் குழுவின் ‘மேரிஸ் போய் சைல்ட்’.

மரியதாஸ்: அதேதான்!

ஜெனி: அது 1978, மாமா. அந்த இளம் ஆட்கள் இப்போது முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருக்கிறார்கள்.

மரியதாஸ்: நல்ல பாட்டுக்கு வயது பார்க்கக் கூடாது, பிள்ளை.

ஜெனி: அப்படியென்றால் புதுப் பாட்டுக்கு மட்டும் ஏன் பார்க்கிறீர்கள்? அதுவும், போனி எம் பாடியது சொந்தப் பாட்டுக்கூட இல்லை. 1956 இலேயே ஹரி பெலபொன்ரே பாடிவிட்டார். இவர்கள் எடுத்து டிஸ்கோ ஆக்கினார்கள். அதை நீங்கள் வீட்டில் போட்டபோது தாத்தா ஒன்றும் சொல்லவில்லையா?

மரியதாஸ்: சொன்னார். முதலில் வாயால், பிறகு செருப்பால்.

ஜெனி: இன்றைக்கு அதே பாட்டைப் பக்திப் பாட்டு என்று நீங்கள் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள்.

மரியதாஸ்: செருப்படி வாங்கிக் காப்பாற்றிய பாட்டு. பக்தி இல்லாமல் வேறு என்ன? சரி, நீ என்னதான் கேட்கிறாய்?

ஜெனி: மரியா கேரி.

மரியதாஸ்: எந்த மரியா? மாதா சபையில் வாசகம் வாசிக்கிறவவா?

ஜெனி: அமெரிக்காக்காரி, மாமா. ‘ஆல் ஐ வோன்ட் ஃபோர் கிறிஸ்மஸ் இஸ் யூ’, 1994 இல் வந்த பாட்டு. உலகம் முழுக்க அதுதான் போடுகிறார்கள்.

மரியதாஸ்: 1994ஆ? அந்த வருடம் இங்கே பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய்க்கே வழியில்லை. சவர்க்காரம் வருவதென்றாலும் இரவில் கிளாலிக் கடல் தாண்டித்தான் வரவேண்டும். உன்னுடைய மரியா எந்த வள்ளத்தில் வந்திருப்பா?

ஜெனி: இங்கே வந்து சேராதது பெரிய விஷயமில்லை. அமெரிக்காவிலேயே அது முதலிடத்துக்கு வர 2019 ஆகிவிட்டது. 25 வருடம்.

மரியதாஸ்: ஏன்? அங்கேயும் பொருளாதாரத் தடையா?

ஜெனி: கிட்டத்தட்ட அப்படித்தான். கடையில் தனி இசைத்தட்டாக விற்காத பாட்டை அந்தக் காலத்தில் அவர்களுடைய பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். இதை அங்கே தனியாக விற்கவில்லை. பிறகு சட்டத்தை மாற்றினார்கள். சனம் போனில் எத்தனை தரம் கேட்கிறது என்பதையும் எண்ணத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் பழைய நத்தார்ப் பாட்டெல்லாம் வரிசையாக எழும்பி வருகிறது.

மரியதாஸ்: எழும்பி வருவது உயிர்ப்பு ஞாயிறுக்கு. நத்தாருக்குப் பிறக்க வேண்டும்.

ஜெனி: பிரெண்டா லீ என்று ஒருவர். 1958 இல், 13 வயதில் ஒரு நத்தார்ப் பாட்டுப் பாடினார். அது அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது 2023 இல். அப்போது அவருக்கு 78 வயது.

மரியதாஸ்: (நிமிர்ந்து உட்காருகிறார்) அப்போ எனக்கும் காலம் இருக்கிறது.

ஜெனி: 13 வயதில் நீங்கள் என்ன பாடினீர்கள்?

மரியதாஸ்: பாடவில்லை. பூசைக்கு உதவி செய்தேன். மணி அடித்தேன்.

ஜெனி: அதுவும் பிந்தித்தான் அடித்திருப்பீர்கள்.

(மரியதாஸ் பலூன் ஒன்றை எடுத்து ஊதுகிறார். கோபத்தில் ஊதியதால் அது அளவுக்கு மிஞ்சிப் பெருக்கிறது. ஜெனி காதைப் பொத்திக்கொள்கிறாள். வெடிக்கவில்லை.)

மரியதாஸ்: நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கேள். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரியும் தடை செய்த சாமான். ஆனாலும் நாங்கள் பாட்டுக் கேட்டோம். எப்படி?

ஜெனி: தெரியும் மாமா. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து...

மரியதாஸ்: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் இருந்து வயர் எடுத்துக் கசற் ரெக்கோடருக்குக் கொடுத்து, ஒரு ஆள் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். நான் சொல்லும்போது தெரியாத மாதிரி இரு. அந்த வருடம் நத்தாருக்கு உன் அப்பாதான் சுற்றினார். அப்போது அவருக்கு உன் அம்மா மேல் ஒரு கண். அதனால் தொடக்கத்தில் நல்ல வேகம். போனி எம் பெண்கள் கிளி மாதிரிக் கீச்சிட்டார்கள். பிறகு கை களைத்தது. பெண் குரல் ஆண் குரலானது. ஆண் குரல் இன்னும் இறங்கி, பாலன் பிறந்த செய்தி செத்த வீட்டு ஒப்பாரியாகிவிட்டது. கடைசியில் பாட்டே நின்றுவிட்டது.

ஜெனி: அம்மா என்ன செய்தா?

மரியதாஸ்: சிரித்தா. அதன் விளைவுதான் நீ. விஷயம் அதில்லை. கசற் நின்ற இடத்தில் இருந்து முழு ஒழுங்கையும் பாட்டைப் பிடித்துக்கொண்டு போனது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரி வரைக்கும். அதுதான் சோதனை. மெஷின் நின்றாலும் பாட்டு நிற்கக் கூடாது. கரண்ட் போனால் பாட முடியாத பாட்டு நிலைக்காது.

ஜெனி: நல்ல சோதனைதான். ஆனால் அது எனக்குச் சாதகம்.

மரியதாஸ்: எப்படி?

ஜெனி: 1818 இல் ஒஸ்திரியாவில் ஒபன்டோர்ஃப் என்ற சின்ன ஊர். உதவிக் குருவாக இருந்த ஜோசப் மோர் ஒரு கவிதை வைத்திருந்தார். பக்கத்து ஊர் ஆசிரியர் குரூபர் மெட்டுப் போட்டார். நத்தார் இரவு இரண்டு பேரும் பாடினார்கள். பக்க வாத்தியம் ஒரேயொரு கித்தார். அதுதான் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற ‘சைலன்ட் நைட்’.

மரியதாஸ்: கோயிலுக்குள்ளே கித்தாரா? பங்குச் சனம் ஏசவில்லையா?

ஜெனி: நீங்கள் அந்தப் பங்கில் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள். அன்றைக்கு அது புத்தம் புதுப் பாட்டு, மாமா. நேற்று எழுதிய மெட்டு. உங்களைப் போல ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தால் உலகத்துக்கு அந்தப் பாட்டே கிடைத்திருக்காது.

மரியதாஸ்: அதில் பக்தி இருக்கிறது. நீ கேட்கிறதெல்லாம் காதல். அந்த ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ என்ன? ஒருவன் போன நத்தாருக்குக் காதலில் தோற்றானாம். அதைக் கொண்டுபோய்ப் பாலன் குடிலுக்கு முன்னால் பாடினால், சுவாமி ஞாயிறு பிரசங்கத்தில் பேர் சொல்லாமல் என்னைத்தான் இழுப்பார்.

ஜெனி: ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மட்டும்?

மரியதாஸ்: அதற்கு என்ன குறை?

ஜெனி: 1857 இல் பியர்பொன்ட் என்ற அமெரிக்கர் வெளியிட்டது. குதிரை வண்டியில் ஏறிப் பனியில் ஊர் சுற்றுகிற பாட்டு. அதில் பாலன் இல்லை, மாதா இல்லை, சூசையப்பர் இல்லை. கிறிஸ்மஸ் என்ற சொல்லே இல்லை.

மரியதாஸ்: (நீண்ட யோசனைக்குப் பிறகு) நான் அந்த வண்டி பெத்லகேமுக்குப் போகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஜெனி: பெண் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறது, மாமா. வழியில் கவிழ்கிறது.

மரியதாஸ்: ஐயோ. கன்னியர் மடத்துக்கு முன்னால் நின்று வருடா வருடம் பாடுகிறோமே!

ஜெனி: சிஸ்டர்மார் கைதட்டுகிறார்கள்தானே. அப்போ ‘லாஸ்ட் கிறிஸ்மஸ்’ பாடிய ஜோர்ஜ் மைக்கலுக்கும் ஒரு இடம் கொடுக்கலாம். பாவம் அந்த மனிதன். 1984 இல் பாட்டை விட்டார். இங்கிலாந்தில் இரண்டாம் இடம். முதலிடத்தில் இருந்தது எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து பாடியது. அந்தக் கூட்டத்திலும் இவர் பாடியிருந்தார்.

மரியதாஸ்: தன்னுடைய பாட்டைத் தானே தோற்கடித்தாரா? எங்கள் ஆள் மாதிரி இருக்கிறதே.

ஜெனி: அது முதலிடத்துக்கு வந்தது 2021 தொடக்கத்தில். 36 வருடம் கழித்து. அதைப் பார்க்க அவர் இல்லை. 2016 இல், நத்தார் அன்றுதான் செத்தார்.

மரியதாஸ்: (குரல் இறங்குகிறது) நத்தார் அன்றா? சரி, அவரை எழுது. ஒன்பதாவது.

ஜெனி: மரியா கேரி பத்தாவது.

மரியதாஸ்: சோதனை இருக்கிறது. வயரைப் பிடுங்குகிறேன், பாடு.

(பிடுங்கத் தேவையில்லை. அதே நேரம் ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போகிறது. மின்சாரத்துக்கும் மரியதாஸுக்கும் இப்படி ஒரு பழைய ஒப்பந்தம் உண்டு. ஜெனி தொடங்குகிறாள். மெதுவான ஆரம்பம் அழகாகவே போகிறது. பிறகு வேகம் பிடிக்கிறது. பிறகு குரல் ஏற வேண்டிய இடம் வருகிறது. அவளும் ஏறுகிறாள். நாய் ஒன்று குரைக்கிறது. அடுத்த வளவு நாய் பதில் சொல்கிறது. வேலிக்கு அப்பால் இருந்து ஒரு பெண் குரல், சுடுதண்ணீர் பட்டுவிட்டதா என்று விசாரிக்கிறது.)

மரியதாஸ்: (வேலிப் பக்கம்) ஒன்றும் இல்லை, ரீச்சர்! பாட்டு!

ஜெனி: எனக்குச் சளி.

மரியதாஸ்: உனக்குச் சளி இல்லை. அந்தப் பாட்டு மரியாவுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. சனம் பாட முடியாது. நின்று கேட்கலாம், அவ்வளவுதான்.

ஜெனி: பிங் குரொஸ்பியின் ‘வைற் கிறிஸ்மஸ்’? 1942 இல் வந்தது. உலகத்திலேயே கூட விற்ற பாட்டு என்று அதைத்தான் சொல்வார்கள். யார் பாடினாலும் சனத்தின் காதில் நிற்பது அந்த ஒரு மனிதனுடைய குரல். அதுவும் உங்கள் சோதனையில் தேறாது. ஆனால் 80 வருடத்துக்கு மேல் நிற்கிறதே?

மரியதாஸ்: (பலூனைக் கட்டுகிறார், பதில் இல்லாதபோது அவர் எதையாவது கட்டுவார்) நீ சொல்லிக்கொண்டு இருப்பதெல்லாம் பழசு. 94 என்றாலும் உன்னை விட மூப்பு. உண்மையான புதுசு சொல். உன் வயதுக்காரர் கேட்பது.

ஜெனி: அரியானா கிராண்டே. 2014. நத்தார் பப்பாவிடம், இந்தப் பெடியன் என்னோடு நிலைத்து நிற்பானா என்று கேட்கிற பாட்டு.

மரியதாஸ்: நத்தார் பப்பாவிடம் சாத்திரம் கேட்கிறாளா? அப்போ எங்கள் நத்தார் பப்பாவுக்கு இனிப்புப் பையோடு பஞ்சாங்கமும் கொடுத்துவிட வேண்டும்.

ஜெனி: சிரிக்காதேங்கோ. ஒவ்வொரு மார்கழியும் அதுவும் திரும்ப வருகிறது. எட் ஷீரனும் எல்ட்டன் ஜோனும் சேர்ந்து 2021 இல் ஒன்று விட்டார்கள். இதில் எதாவது ஒன்று நிற்காதா?

மரியதாஸ்: நிற்கலாம். எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. அப்போது முழு ஒழுங்கைக்கும் ஒரு கசற். பிடித்தவனும் கேட்டான், பிடிக்காதவனும் கேட்டான். தாத்தாவும் கேட்டார். பிடிக்காமலே நூறு தரம் கேட்ட பாட்டைச் சாகும்வரை மறக்க முடியாது. போனி எம்மின் எல்லாச் சொல்லும் தாத்தாவுக்குப் பாடம், தெரியுமா? கடைசிக் காலத்தில் என் பேர் மறந்துபோனது. அது மறக்கவில்லை. இப்போது ஆளுக்கொரு காது, காதுக்கொரு பாட்டு. உன் அரியானாவை உன் அம்மா கேட்டிருக்கிறாவா?

ஜெனி: இல்லை.

மரியதாஸ்: ரீச்சர்?

ஜெனி: இல்லை. ஆனால் ஆஸ்பத்திரி வீதிக் கடைகளுக்குப் போய்ப் பாருங்கோ. நத்தார் கிட்டினால் ஸ்பீக்கர் பெட்டியை வாசலில் வைத்து அதே பத்துப் பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். செருப்பு வாங்கப் போகிறவனும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மரியதாஸ்: அப்படியா? அப்போ அந்தப் பத்தில் இருக்கிறதுக்கு ஆயுசு கெட்டி. பாடியவர் கெட்டித்தனத்தால் அல்ல, செருப்புக் கடைக்காரன் புண்ணியத்தால்.

(ஒழுங்கை முனையில், மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்கிற பாண்காரரின் ஓட்டோ திரும்புகிறது. வழக்கமான மெட்டு, வழக்கம் போல ஒரு சுரம் பிசகி.)

ஜெனி: மாமா, அந்த மெட்டு என்ன?

மரியதாஸ்: பாண் மெட்டு.

ஜெனி: பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’. 1810 இல் எழுதியது. அவர் செத்தது 1827 இல். அச்சில் வந்ததே 1867 இல்தான்.

மரியதாஸ்: பீத்தோவனுக்கும் பிந்தித்தானா! (எழும்பிக் காசு தேடுகிறார்) பார், அந்த மனிதனை யாரும் இங்கே பட்டியலில் சேர்க்கவில்லை. ஆனால் அவர் வந்தால் முழு ஒழுங்கையும் படலையைத் திறக்கிறது.

ஜெனி: அப்போ பாண்காரரிடம் கேட்டுப் பாருங்கோ. மார்கழிக்கு மட்டும் மரியா கேரியைப் போடுவாரோ என்று. பத்து வருடம் போட்டால் உங்கள் சோதனையே தேவையில்லை.

மரியதாஸ்: கேட்கலாம். ஆனால் சனம் நத்தார் பப்பா வந்துவிட்டார் என்று ஓடிவந்து, றோஸ்ற் பாணைச் சும்மா வாங்கிக்கொண்டு போய்விடும். அவன் என்னிடம் காசு கேட்பான்.

ஜெனி: பத்தாவதை எழுதட்டா?

மரியதாஸ்: எழுது. ஏறுகிற இடம் வந்தால் மேளத்தை ஓங்கி அடிக்கச் சொல்லு. பிறகு, ரீச்சர் வீட்டு வாசலில் மட்டும் அதை எடுக்காதே. அவ இப்போதே எரிகாயத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறா.