சின்னவனுக்கு ஆகாது

(சிங்கப்பூரில் யீஷூன் பக்கம், ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழே மாமா கடை. ரேடியோவில் ஒலி 96.8 சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறது.)

கடைக்காரர்: இந்தா தங்கச்சி, சீனி இல்லாத பீனட் பட்டர். முன்னாடியே கொட்டை எழுத்துல போட்டிருக்கான் பாரு.

செல்வி: முன்னாடி இருக்கிறது விளம்பரம்ண்ணே. உள்ள என்ன இருக்குன்னு பின்னாடிதான் போடுவான். திருப்புங்க. சைலிட்டால்னு இருக்கா? இல்லாட்டி ஈ 967ன்னு நம்பர் போட்டிருப்பான்.

கடைக்காரர்: (நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி) இருக்கு.

செல்வி: அப்ப வேணாம்.

கடைக்காரர்: சீனி போட்டதும் வேணாம், சீனி போடாததும் வேணாம். நான் எங்கம்மா போவேன்?

செல்வி: வெறும் வேர்க்கடலைய அரைச்சது இருந்தா குடுங்க. உப்புகூட இருக்கக் கூடாது. எங்க வீட்டுச் சின்னவனுக்கு பிஸ்கட் சுடப்போறேன்.

கடைக்காரர்: என்ன வயசு?

செல்வி: ரெண்டு. அந்த சைலிட்டால் உள்ள போனா அவன் உடம்பு சீனின்னு ஏமாந்து இன்சுலினைக் கொட்டிடும். அரை மணி நேரத்துலயே ரத்தத்துல சீனி மடமடன்னு இறங்கிடும். வலிப்பு வரலாம், ஈரலே போயிடலாம்.

கடைக்காரர்: ஐயய்யோ! சூயிங்கம்ல எல்லாம் அதைத்தானே போடுறான். அதான் 1992லயே தடை பண்ணிட்டாங்களா?

செல்வி: அது எம்ஆர்டி ரயில் கதவுல ஒட்டிவச்சதுக்குண்ணே.

கடைக்காரர்: சரி விடு. இனிப்புக்கு உலர்ந்த திராட்சை போட்டுக்க.

செல்வி: சிறுநீரகம் போயிடும்.

கடைக்காரர்: சாக்லேட்?

செல்வி: நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். கறுப்பு சாக்லேட்னா இன்னும் மோசம்.

கடைக்காரர்: இனிப்பே வேணாம். வெங்காயம், பூண்டு போட்டு காரமா சுடு.

செல்வி: ரெண்டுமே ஆகாது.

கடைக்காரர்: ஓ, விரதமா? புரட்டாசி வரலையே இன்னும்.

செல்வி: விரதமெல்லாம் இல்லண்ணே. வேகவச்ச பூசணி, ஓட்ஸ் மாவு, ஒரு முட்டை, கொஞ்சம் கோழி ஈரல். அவ்வளவுதான்.

கடைக்காரர்: வெங்காயம் ஆகாது, ஈரல் ஆகும். எந்தக் கோயில்மா நீங்க?

செல்வி: (காதில் வாங்காமல்) அவனும் லேசுப்பட்டவன் இல்ல. தரையில எது கிடந்தாலும் நான் பார்க்கிறதுக்குள்ள முழுங்கிடுவான்.

கடைக்காரர்: பாலர் பள்ளிக்கு எழுதிப் போட்டாச்சா?

செல்வி: சனிக்கிழமை வகுப்புக்குப் போறானே. உட்காருன்னா உட்காருவான். கூப்பிட்டா வருவான், மனசு இருந்தா. பக்கத்துல நின்னவன் காதைக் கடிச்சுட்டான்னு ஒரு வாரம் வர வேணாம்னுட்டாங்க.

கடைக்காரர்: டியூஷன் வையி, சரியாயிடும். (இந்த ஊரில் காது கடிப்பதற்கும் மருந்து அதுதான்.) ஒத்தைப் பிள்ளைன்னா அப்படித்தான் வளரும். இன்னொண்ணு இருந்தா அடங்கிடுவான்.

செல்வி: ஆசைதாண்ணே. வீவக, அதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுல ஒண்ணுக்கு மேல விடமாட்டாங்களே.

கடைக்காரர்: எது? 1972ல ரெண்டு போதும்னாங்க, நிறுத்திக்கிட்டேன். 1987ல மூணு பெத்துக்க, வசதி இருந்தா இன்னும் பெத்துக்கன்னாங்க, எனக்கு வயசாயிடுச்சு. அப்புறம் பெத்தா போனசுன்னாங்க. இப்ப ஒண்ணுதானா? என்கிட்ட யாருமே சொல்லலையே!

செல்வி: அது எப்பவோ இருந்து அப்படித்தாண்ணே. அந்த ஒண்ணும் அவங்க பட்டியல்ல இருக்கிற 62 இனத்துல ஒண்ணா இருக்கணும்.

கடைக்காரர்: அறுபத்திரண்டா! சீனர், மலாய்க்காரர், இந்தியர், மத்தவங்க. நாலுதானேம்மா? வீடு வாங்கும்போது இன ஒதுக்கீடு பார்த்தாங்க, சரி. பிள்ளை பெறவும் பார்க்கிறாங்களா?

செல்வி: லைசன்ஸ் வேற எடுக்கணும். கழுத்துல சிப் வைக்கணும்.

கடைக்காரர்: சிப்பா? அப்ப பஸ்ல தட்டிட்டு ஏறிக்கலாம்.

செல்வி: அவனை பஸ்ல ஏத்த மாட்டாங்கண்ணே, நாய்னு.

கடைக்காரர்: யாரு அப்படிச் சொன்னது? பிள்ளையைப் போயி நாய்னு... (நிறுத்துகிறார்.) நாயா?

செல்வி: பின்ன, இவ்வளவு நேரம் யாரைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்?

கடைக்காரர்: அட! நாய்க்கா இத்தனை ஆகாது? ஒரு ரொட்டித் துண்டைப் போட்டா தின்னுட்டுப் போவுது. அந்தக் காலத்துக் கம்பத்துக் கிராமத்துல எங்க நாய் கோழி எலும்பைக் கடிச்சே வளர்ந்துச்சு. ஒண்ணும் ஆகலை.

செல்வி: எத்தனை வருஷம் இருந்துச்சு?

கடைக்காரர்: மூணு.

செல்வி: எப்படிச் செத்துச்சு?

கடைக்காரர்: வயசாகி.

செல்வி: மூணு வருஷத்துல.

கடைக்காரர்: அப்பல்லாம் சீக்கிரம் வயசாகும்மா. ஆமா, உன் நாய் எது? கண்ணை மறைக்க முடி விட்டுக்கிட்டு, லிப்டு பக்கம் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்குமே, அதுவா? அட, அதுக்கு நான் போன வாரம் மசால் வடை போட்டேனே!

செல்வி: ...

கடைக்காரர்: ஒரே ஒரு வடைதான். ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் வாலாட்டிச்சு.

செல்வி: எவ்வளவு நேரம் பார்த்தீங்க?

கடைக்காரர்: அஞ்சு நிமிஷம்.

செல்வி: வெங்காயம் ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவை உடைக்கும்ண்ணே. வெளியில தெரிய நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் வாலை ஆட்டிக்கிட்டேதான் இருப்பான். ஞாயித்துக்கிழமை ஈறெல்லாம் வெளுத்துப்போய்ப் படுத்துட்டான். கால்நடை டாக்டர் என்ன குடுத்தீங்கன்னு மூணு தரம் கேட்டார். சத்தியமா ஒண்ணும் குடுக்கலைன்னேன். என்னைப் பொய்க்காரி மாதிரி பார்த்தார்.

கடைக்காரர்: (ரேடியோவைச் சற்றுக் குறைத்து) இப்ப எப்படி இருக்கு?

செல்வி: பிழைச்சுட்டான். பில்லுதான் உங்க கடையோட ஒரு நாள் வியாபாரம்.

கடைக்காரர்: பாவமா பார்த்துச்சும்மா. சாப்பிடாத மாதிரி.

செல்வி: சாப்பிட்டு அஞ்சு நிமிஷம் ஆயிருந்தாலும் அப்படித்தான் பார்ப்பான். அது அவன் தொழில். நாலாவது மாடிப் பாட்டி கறிபஃப் போடுறாங்க, உள்ள வெங்காயம். ஒம்போதாவது மாடிப் பையன் திராட்சை கேக் போடுறான். வேணாம்னா எல்லாரும் ஒரே பாட்டுத்தான்: ‘ஒண்ணும் ஆகாது.’ அதான் சுடுறேன். ஆளுக்கு ஒரு டப்பா குடுத்து வச்சிடுவேன். கை அரிச்சா அதுலேருந்து எடுத்துப் போடட்டும்.

கடைக்காரர்: நல்ல யோசனை. எனக்குப் பெரிய டப்பாவா குடு.

செல்வி: சுண்டைக்காய் அளவுலதான் சுடுவேன். ஒரு நாளைக்கு அவன் திங்கிறதுல பத்துல ஒரு பங்குக்கு மேல இந்த மாதிரி தீனி போகக் கூடாது. நம்ம புளோக்குல பாசக்காரங்க ஜாஸ்தி. வகுத்துப் பார்த்தா அவ்வளவுதான் வருது. அப்புறம், பிரிட்ஜ்ல வைங்க. நம்ம ஊரு ஈரக் காத்துக்கு வெளியில வச்சா பூஞ்சை பிடிச்சிடும்.

கடைக்காரர்: பூசணிதானே. லேசாப் பூஞ்சை இருந்தா ஒண்ணும்...

செல்வி: சொல்லுங்க. முடிங்க.

கடைக்காரர்: ...பிரிட்ஜ்ல வைக்கிறேன்.

(இந்த ‘ஒண்ணும் ஆகாது’வை எந்த லிப்டிலும் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம். சொல்பவர் அடுத்த நாள் வந்து ஆயிற்றா என்று பார்த்ததாக மட்டும் கேள்விப்பட்டதில்லை.)

செல்வி: கால்ல என்னண்ணே கட்டு?

கடைக்காரர்: சின்னப் புண்ணு. ஒண்ணும் இல்ல.

செல்வி: எத்தனை நாளா?

கடைக்காரர்: ரெண்டு மாசம் இருக்கும். சுகர்ல ஆறலை.

செல்வி: கையில?

கடைக்காரர்: கோப்பி. கொஞ்சமாத்தான் கெட்டிப்பால் ஊத்தச் சொன்னேன். ஒரு கோப்பியில என்ன ஆயிடப் போவுது?

செல்வி: பாட்டில் பானத்துக்கெல்லாம் ஏ, பி, சி, டின்னு சீனி அளவு போட்டு உங்க பிரிட்ஜ்லதான் அடுக்கி வச்சிருக்கீங்க. சீனி ஜாஸ்தியான அந்த ‘டி’யை இன்னைக்கு எத்தனை குடிச்சீங்க?

கடைக்காரர்: விக்காம நின்னதை மட்டும்தாம்மா.

செல்வி: அப்பாவுக்கும் எல்லாரும் ஒண்ணு ஒண்ணுதாண்ணே குடுத்தாங்க. பேரன் பிறந்ததுக்கு ஒரு லட்டு, தீபாவளிக்கு ஒரு அதிரசம். விரலை எடுத்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து ஆரஞ்சு ஜூஸ் குடுத்தாங்க.

(ரேடியோவில் விளம்பரம் ஓடுகிறது.)

கடைக்காரர்: உன் நாய் கொடுத்து வச்சது. எங்க வீட்டுலயும் இப்படிப் பின்னாடி படிச்சுச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தா...

செல்வி: அக்கா தினமும்தான் சொல்றாங்க. நீங்கதான் ரேடியோவைக் கூட்டி வச்சிடுறீங்க.

கடைக்காரர்: அந்த பிஸ்கட்டுல சீனி இல்ல, உப்பு இல்லன்னுதானே சொன்னே? எனக்கு ஒரு டப்பா தனியா...

செல்வி: உங்களுக்கு அது பத்தாது. முதல்ல பாலிகிளினிக் போய்க் காலைக் காட்டுங்க. ஓட்ஸும் பூசணித் துண்டும் எவ்வளவு?

கடைக்காரர்: ஆறு வெள்ளி இருபது காசு.

செல்வி: (பர்ஸைத் துழாவி) ஆறு வெள்ளிதான் இருக்கு. இருபது காசுதானே, ஒண்ணும் ஆகாது.

கடைக்காரர்: அது எப்படிம்மா ஆகாது!