அது மாரத்தான் லீவு இல்லைங்க

இங்கே பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் நம் தமிழர் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். இல்லாதவர்களுக்கும் ஸ்கிரீன்ஷாட் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். திங்கட்கிழமை என் மகள் முக்கோணத் தொப்பி போட்டுக்கொண்டு டிரம் அடித்த படத்தைப் போட்டேன். "வெள்ளைக்காரன் அவனுக்குள்ள அடிச்சிக்கிட்ட சண்டைக்கு நம்ம புள்ள ஏன் மேளம் தட்டுது? மாரத்தான் லீவுன்னா தூங்குங்க பாஸ்" என்று ஒரு நண்பர். அதற்குக் கீழே 17 பேர் சிரித்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், 17.

முதலில் ஒன்று. அது மாரத்தான் லீவு இல்லை. ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை மாசசூசெட்ஸிலும் மெய்னிலும் பேட்ரியட்ஸ் டே. 1775 ஏப்ரல் 19 அன்று பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கும் நடந்து, அமெரிக்கச் சுதந்திரப் போரைத் தொடங்கிவைத்த சண்டைகளுக்காக 1894இல் இங்கே மாசசூசெட்ஸில் அறிவித்த விடுமுறை. அதே நாளில் நடக்கும் பாஸ்டன் மாரத்தான் ஓட்டம் வந்தது 1897இல். முதல் வருடம் ஓடியவர்கள் 15 பேர். லீவு இருக்கிறதே என்று ஓட்டம் வந்து ஒட்டிக்கொண்டது, ஓட்டத்துக்காக யாரும் லீவு விடவில்லை.

பக்கத்து ஊரான கான்கார்டில் ஊர்க்காரர்கள் பதுக்கி வைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்க பாஸ்டனிலிருந்து சுமார் 700 பிரிட்டிஷ் சிப்பாய்கள் இரவோடு இரவாகக் கிளம்பினார்கள். விடியும்போது வழியிலிருந்த லெக்சிங்டன் ஊர்ப் புல்வெளியில் எதிரே நின்றவர்கள் எழுபத்துச் சொச்சம் ஊர்க்காரர்கள். எட்டுப் பேர் செத்தார்கள். முதல் குண்டு யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் கான்கார்டு வடக்குப் பாலத்தில் திருப்பி அடித்தார்கள். எங்கள் ஊர்தான் முதல், எங்கள் ஊர்தான் முதல் என்று இரண்டு ஊரும் மல்லுக்கு நின்றதால்தான், லெக்சிங்டன் நாளும் இல்லை கான்கார்டு நாளும் இல்லை என்று பொதுவாக ஒரு பெயர் வைத்தார்கள். நம் பக்கத்துத் தேர்த் திருவிழா முதல் மரியாதைத் தகராறேதான்.

இந்தத் தகராறில் எங்கள் ஆர்லிங்டனை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல். அன்று இதன் பெயர் மெனோட்டமி. சிப்பாய்கள் பாஸ்டனுக்குத் திரும்பும் வழியில் வீடு வீடாகச் சண்டை நடந்தது இங்கேதான். ஜேசன் ரஸ்ஸல் என்ற, காலை இழுத்து நடக்கும் மனிதர் தன் வீட்டு வாசலிலேயே செத்தார். அந்த வீட்டில் அவரோடு சேர்த்து 12 பேர். குண்டு பட்ட ஓட்டைகள் இன்றும் இருக்கின்றன. நான் பால் வாங்கப் போவது அந்த வீட்டைத் தாண்டித்தான். தினமும் தாண்டிப் போகிற வீடு எப்படி 'அவன்' வீடு மட்டும் ஆகும்?

சரி, "நமக்கென்ன சம்பந்தம்" என்கிறவர்களுக்கு. நான் கடலூர்க்காரன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் சுண்டல் தின்று வளர்ந்தவன். சில வருடங்களுக்கு முன் லெக்சிங்டனில் அந்த விடியற்காலைச் சண்டையை நடித்துக் காட்டுவதைப் பார்க்கப் போனேன். குளிரில், நான்கரை மணிக்கு. கூட்டத்தில் தலை மறைக்கும் என்று ஆளாளுக்கு மடக்கு ஏணி கொண்டு வருவார்கள். பக்கத்து ஏணியில் இருந்த பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். சென்னைக்குத் தெற்கே கடலூர் என்றேன். "ஓ, கடைசிச் சண்டை நடந்த ஊர்!" என்றார். எனக்குப் புரியவில்லை.

அவர்தான் சொன்னார். இங்கே தொடங்கிய போரில் பிரான்சும் சேர்ந்துகொண்டது, அது இந்தியா வரை பரவியது. 1783 ஜூன் 20 அன்று எங்கள் கடலூர்க் கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் பிரிட்டிஷ் கப்பல்களும் மோதிக்கொண்டன. ஜனவரியிலேயே ஐரோப்பாவில் சமாதானப் பூர்வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி கடலூருக்கு வந்து சேராததால் ஐந்து மாதம் கழித்தும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் அந்த ஊரில் படித்தேன். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, மடக்கு ஏணியில் நின்ற ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். இப்போது சொல்லுங்கள், யாருடைய சண்டை?

அடிமைகளை வைத்துக்கொண்டே சுதந்திரம் பேசினார்களே, பூர்வகுடிகளின் நிலம்தானே என்று இன்னொருவர். நியாயமான கேள்வி, மறுக்கமாட்டேன். லெக்சிங்டனில் அன்று காயம்பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்ற கறுப்பர் ஒருவர், அப்போது அவர் அடிமை. யாருடைய சுதந்திரத்துக்காக அவர் நின்றார் என்று யோசித்தால் தூக்கம் வராது. அதைத்தான் மகளிடமும் சொன்னேன். ஆனால் கேட்ட நண்பர் ஒவ்வொரு ஜூலை 4ஆம் தேதியும் கொடி போட்ட டீ ஷர்ட்டில் கோழி வாட்டும் படம் போடுகிறவர். அன்றைக்குப் பூர்வகுடிகள் எங்கே போனார்களோ.

"பொங்கலுக்கு இவர்கள் லீவு விடுகிறார்களா?" இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா? விடவில்லை. நானே லீவு போட்டுப் பொங்கல் வைக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். இவர்கள் பண்டிகையில் நமக்கென்ன வேலை என்று அவர் கேட்டதில்லை.

இவ்வளவும் வாதம்தான். உண்மையில் எரிகிறது வேறு இடத்தில். படத்துக்குக் கீழே அந்த நண்பர் எழுதியதை என் மகள் படித்துவிட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வரும், வாராவாரம் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய் நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எழுத்துக் கூட்டி, 'நம்ம புள்ள' என்பதில் நின்று, "அப்பா, இது நானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ ஏன் சிரிக்கிறாங்க?" என்றாள். மூன்று மாதம் பயிற்சி எடுத்தவள். டிரம் குச்சிகளை எங்கே வைத்தாள் என்று இன்னும் தெரியவில்லை.

குழுவை விட்டு விலகுவேன் என்று சிலர் எதிர்பார்ப்பது தெரிகிறது. விலகவில்லை. சனிக்கிழமை நம் சித்திரைத் திருநாள் விருந்துக்கு வாழை இலை என் பொறுப்பு. சிரித்த 17 பேரில் 11 பேர் சாப்பிட வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதையும் எண்ணிவிட்டேன்.