மண்டபத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆள் சேர்ப்போம்

வேலூரில் ஒரு கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மூலத்தைப் பார்த்து மாற்றலாம், பகிரலாம் என்ற உரிமையோடு வரும் மென்பொருள்) மாநாடு நடத்தலாம் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியிருக்கிறது. நல்ல விஷயம். நான் முழு மனசோடு கூட நிற்கிறேன். ஆனால் பேச்சை எடுத்தவுடனே "எந்தக் காலேஜ்ல ஆடிட்டோரியம் கேட்கலாம்?" என்றுதான் தொடங்குகிறார்கள். அடுத்த நிமிஷம் "சீஃப் கெஸ்ட் யாரு?" என்று வந்துவிடுகிறது. இந்த வரிசையே தப்பு என்பது என் கருத்து. முதலில் ஆட்கள் சேர வேண்டும். அதுவும் வேலூர் டவுனிலிருந்து மட்டும் போதாது, பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து வர வேண்டும்.

காலேஜ் முதலில் வந்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு கல்லூரியில் நடந்த ஓப்பன் சோர்ஸ் நிகழ்ச்சிக்கு உதவப் போயிருந்தேன். யார் பேசுவது என்பதெல்லாம் துறைத்தலைவர் அறையிலேயே முடிவாகிவிட்டது. ஹால் நிறைந்திருந்தது, ஆனால் பாதிப் பிள்ளைகள் ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு) கிடைக்கும் என்று வந்தவர்கள். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து முதல் பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி பதினொன்றரை. ஓடியாடி வேலை பார்த்த மாணவர்கள் உண்மையிலேயே தங்கமான பிள்ளைகள். அடுத்த வருஷம் படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பேச்சாளர்களின் போன் நம்பர், செலவுக் கணக்கு, எந்த வேலைக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்ற குறிப்பு எல்லாம் அவர்களோடு போயிற்று. அதன்பிறகு அந்தக் கல்லூரியில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

அதனால்தான் பகுதிக் குழு வேண்டும் என்கிறேன். 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கலெக்டர் ஆபீஸ்தான் மாறியதே தவிர, நம் ஜனங்களின் போக்குவரத்து மாறவில்லை. அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயில் பாதையில் சுமார் 145 கிலோமீட்டர், நடுவில் காட்பாடி. இந்தக் கோடு நெடுக ஆட்கள் இருக்கிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறவர்கள், குடியாத்தத்தில் டிடிபி கடை வைத்திருப்பவர்கள், வாலாஜா பக்கம் அரசுப் பள்ளிக் கணினி ஆசிரியர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் சத்தமில்லாமல் கட்டுரை எழுதுகிறவர்கள். ஒருவரை ஒருவர் தெரியாது, அதுதான் குறை.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதற்கு நம் கண்ணெதிரே ஒரு சாட்சி இருக்கிறது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழிலும் பயன்படுத்தலாம். எவ்வளவு பெரிய வாய்ப்பு அது! கட்டற்ற மென்பொருள் ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்கே வந்து இறங்கியது. நான் பார்த்த பிள்ளைகளில் பலர் அதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. பக்கத்துக் கடையில் கொடுத்து அழித்துவிட்டு முழுக்க விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வைஃபை வேலை செய்யவில்லை என்றால் யாரிடம் கேட்பது? பிரிண்டர் ஓடவில்லை என்றால்? கேட்பதற்கு வாணியம்பாடியில் ஒருவர், சோளிங்கரில் ஒருவர் என்று இருந்திருந்தால் கதையே வேறு. மாநாடு இரண்டு நாளில் முடிந்துவிடும். குழு இருந்தால் அந்த ஆள் அந்த ஊரில் இருப்பார்.

உலகத்தில் பெரிய மாநாடுகளும் இப்படித்தான் நடக்கின்றன. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளம் 1993இல் தொடங்கிய திட்டம். அதன் ஆண்டு மாநாடு 2000 முதல் நடக்கிறது. எந்த ஊரில் நடத்துவது என்று முடிவாக வேண்டுமானால், அந்த ஊரில் ஓர் உள்ளூர்க் குழு "நாங்கள் செய்கிறோம்" என்று முன்வந்து விண்ணப்பிக்க வேண்டும். 2023இல் கொச்சிக்கு அது வந்தது. பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஃபாஸ்டெம் என்ற கட்டற்ற மென்பொருள் மாநாட்டுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது, முன்பதிவும் கிடையாது, ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். நடத்துவது தன்னார்வலர்கள். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? சென்னை லினக்ஸ் பயனர் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடிக்கொண்டிருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு ஒரு குழு இருக்கிறது. விழுப்புரத்துக் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி நடத்துகிறது. காஞ்சிபுரமும் விழுப்புரமும் செய்ததை நம்மால் செய்ய முடியாதா என்ன?

ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன். குடியாத்தத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்தோம். மாநாட்டு நிகழ்ச்சி நிரலை வெள்ளைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாலை ஆறு மணி வரை போட்டாயிற்று. பின் பெஞ்சில் இருந்த பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி எழுந்து, "அண்ணா, எங்க ஊரு பேர்ணாம்பட்டுல இருந்து இன்னும் உள்ள போகணும். ஏழு மணி டவுன் பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல. நாலரைக்காவது வேலூர்ல பஸ் ஏறினாத்தான் வீட்ல அனுப்புவாங்க" என்றாள். பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் ஆறு மணியை அழித்துவிட்டு நாலு மணி என்று போட்டார். நாலு மணிக்கு முடிக்க வேண்டும் என்றால் காலையில் விழா மேடைக்கு நேரம் இல்லை. பொன்னாடை போயிற்று, நினைவுப் பரிசு போயிற்று, ஒன்பதரைக்கே முதல் பேச்சு. நிகழ்ச்சி நிரல் மொத்தமும் அந்த ஒரு பஸ்ஸை வைத்து மாறியது. அந்தப் பெண் குழுவில் இல்லையென்றால் இது யாருக்கும் தோன்றியிருக்காது. பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள் என்று அப்புறம் உட்கார்ந்து கவலைப்பட்டிருப்போம்.

பணத்திலும் இதே கதைதான். ஆம்பூரில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு அண்ணன், லினக்ஸ் பக்கமே போகாதவர், எங்களுக்குக் கணக்கு எழுதும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். காசு வாங்குகிறவர் ஒருத்தர், செலவு செய்கிறவர் ஒருத்தர், நோட்டில் எழுதுகிறவர் மூன்றாவது ஆள். பில் இல்லாத டீ செலவுக்குக்கூட ஒரு சீட்டு, அதில் இரண்டு கையெழுத்து. வாரக் கடைசியில் கணக்கைக் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட வேண்டும். மென்பொருளின் மூலத்தை எல்லோரும் பார்க்கலாம் என்று மேடையில் பேசுகிற நாம், நம் கணக்கை மூடி வைத்துக்கொண்டு பேச முடியாது.

பொறுப்புகளைப் பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு துணை. இருவரும் ஒரே கல்லூரியாகவோ ஒரே ஊராகவோ இருக்கக் கூடாது. ஒருவருக்கு வேலை மாறுதல் வந்தாலும், வீட்டில் விசேஷம் என்றாலும் வேலை நிற்காது. வாட்ஸ்அப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், முடிவு மட்டும் அங்கே எடுக்கக் கூடாது. ராத்திரி பதினொன்றுக்கு நாலு பேர் பேசி முடிவெடுத்தால், காலையில் முன்னூறு மெசேஜுக்கு அடியில் அது புதைந்து கிடக்கும். முடிவுகள் எல்லோரும் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தில், தேதியோடு இருக்க வேண்டும். அடுத்த வருஷம் நடத்த வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டும். யாருக்காவது தொந்தரவு நேர்ந்தால் போய்ச் சொல்ல இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். இது அழைப்பிதழிலேயே அச்சாக வேண்டும்.

தேதி குறிப்பதற்கும் பல ஊர் ஆட்கள் தேவை. ஏப்ரல், மே வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சாதாரணமாக நாற்பது டிகிரியைத் தாண்டும். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்த வாரம் அங்கிருந்து ஒரு ஆளையும் எதிர்பார்க்க முடியாது. ரம்ஜான் மாதத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் நண்பர்களை நாள் முழுக்க உட்கார வைப்பது நியாயமில்லை. நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வு. எனக்கு செப்டம்பர் பிடித்திருக்கிறது. அந்த மாதம் மூன்றாவது சனிக்கிழமையில் மென்பொருள் சுதந்திர நாள் கொண்டாடும் வழக்கம் 2006இலிருந்து உலகெங்கும் உண்டு. புரட்டாசி சனியோடு மோதினால் ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

பேச்சுகள் தமிழில் இருக்கட்டும். தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது பேர், கம்பெனி எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் படியுங்கள். ஸ்பான்சர் பணம் கொடுத்தால் பேனரில் பேர் போடலாம், மேடையில் நேரம் கொடுக்கக் கூடாது.

"பெரிய காலேஜ் இல்லாம ஹால், ஜெனரேட்டர், புரொஜெக்டர், தங்க இடம் எல்லாம் எங்கே போவ?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஹால் கேட்போம். விஐடி இருக்கிறது, பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்த மாணவர்களும் குழுவில் வர வேண்டும், அவர்கள் திறமை நமக்குத் தேவை. ஆனால் குழு அமைந்து, நிகழ்ச்சி நிரல் எழுதி, கணக்குப் புத்தகம் திறந்த பிறகு போய்க் கேட்போம். அப்போது "நிகழ்ச்சி நிரலை நாங்கள் முடிவு செய்வோம், உங்கள் இடத்துக்கு நன்றி சொல்வோம்" என்று தெளிவாகப் பேச முடியும். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த இடம். சின்ன கல்யாண மண்டபத்திலும் ஒரு திரை கட்டி நடத்தலாம்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு ராணிப்பேட்டையில் கூடுகிறோம். ஆற்காடு, சோளிங்கர், அரக்கோணம் பக்கம் இன்னும் ஆள் போதவில்லை. திருப்பத்தூரிலிருந்து யாருமே இல்லை. ஒலி அமைப்பும் வீடியோ பதிவும் தெரிந்த ஒருவர், கணக்குக்குத் துணையாக ஒருவர், சாப்பாட்டு ஏற்பாட்டில் அனுபவம் உள்ள ஒருவர் உடனடியாக வேண்டும். லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வர நினைக்கிறவர்கள் ஊர் பேரையும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எனக்கு அனுப்புங்கள். கூட்டத்தை அதற்குள் முடித்துவிடுகிறோம்.